பிணையாக வந்தவள்

ஆனி மாதத்து அந்தி. வடக்கே வெகு தொலைவில் உள்ள சுவீடன் தேசத்தில் அந்தப் பருவத்துச் சூரியனுக்கு மறையவே மனம் வருவதில்லை. எல்லை ஆற்றின் மீது செம்பொன்னை வாரி இறைத்துவிட்டு, வெண்ணிறப் பூர்ச்சமரங்களுக்கிடையே தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தான். வடகரையில் புது மன்னன் சிக்வார்டின் பாசறை. தென்கரையில் கோத்தர் நாட்டு மக்கள் கூடிய சபை. நடுவே ஒரு மரப்பாலம்.

வாசகர்களே, அந்நாட்டில் தந்தை கண்ணை மூடியதும் மகன் சிம்மாசனத்தில் சாய்ந்துகொள்ளும் சுகமெல்லாம் கிடையாது! குடிகள் தேர்ந்தெடுத்த பிறகும் மன்னன் நாடு நாடாகச் சென்று ஒவ்வொரு சபையின் ஒப்புதலையும் பெறவேண்டும். எல்லையில் அந்நாட்டார் தங்கள் பிள்ளை ஒன்றைப் பிணையாகத் தருவார்கள். மன்னன் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் பிணையின் தலை உருளும். பிணை இல்லாமல் நுழைபவனோ அந்நாட்டைத் துச்சமாக மதித்தவன். அவனை வெட்டினாலும் குற்றமில்லை.

கோத்தரின் நீதிநாயகர் அஸ்முந்த் தம் ஒரே மகள் குன்வோரை அனுப்பியிருந்தார். சென்ற குளிர்காலத்தில் அவளும் சிக்வார்டும் ஒருவருக்கொருவர் உள்ளத்தைப் பறிகொடுத்த கதை, பாவம், அந்தப் பெரியவருக்குத் தெரியாது.

"நீயா!" என்றான் மன்னன், முகம் வெளுத்து.

"ஆம், அரசே. அஞ்சாமல் பாலத்தைக் கடந்து செல்லுங்கள்."

"அச்சம் எனக்காகவா? என் முடிக்குப் போட்டியிட்ட எதிர்க்குலத்தார் அக்கரைக் காட்டில் வில்லோடு பதுங்கியிருப்பதாக ஒற்றன் சொல்கிறான். ஓர் அம்பு என்னைத் தைத்தால் என் வீரர்களே உன்னை வெட்டுவார்கள். உன்னை விடுவித்தேன், குன்வோர்."

"ஐயோ! பிணையில்லாமல் போனால் எங்கள் மக்களே தங்களைக் கொன்றுவிடுவார்களே!"

"உன் தந்தை நியாயஸ்தர். அவர் என்னை நம்புவார்."

பேதை மனம்! காதல் வந்தால் அரசனுக்கும் அறிவு மட்டுத்தான் போலும். அவள் பின்தொடர்ந்து வராமல் தடுத்து நிறுத்தும்படி தளபதிக்குக் கட்டளையிட்டுவிட்டு, தன்னந்தனியாகப் பாலத்தைக் கடந்தான்.

"பிணை எங்கே, அரசே?" என்று கேட்டார் அஸ்முந்த்.

"விடுவித்துவிட்டேன்."

"எதற்காக?"

காரணத்தைச் சொன்னால் ஆயிரம் பேர் நடுவே குன்வோரின் பெயர் சந்தி சிரிக்கும். சிக்வார்ட் தலைகுனிந்து நின்றான்.

"நம்மைப் புல்லாய் மதித்துவிட்டான்!" என்று சபை கொதித்தெழுந்தது. எல்லோரும் நீதிநாயகரைப் பார்த்தார்கள். அவர் ஒரு கணம் தவித்தார். பிறகு, "சட்டம் இவரைக் காக்காது" என்று மெல்ல உரைத்தார். கோடரிகள் உயர்ந்தன.

காவலரின் பிடியை உதறிக்கொண்டு குன்வோர் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் தலையை மடியில் ஏந்திக்கொண்டு கதறினாள்: "என் உயிருக்காக என்னை விடுவித்தார், என் மானத்துக்காக வாய்மூடிச் செத்தார்! இவர் என் காதலர், அப்பா!"

பிறகு தந்தையை நிமிர்ந்து நோக்கினாள்.

"விடுவித்தவர் போய்விட்டார், நான் இன்னும் பிணைதான். மன்னர் மாண்டால் பிணைக்கு என்ன கதி? சட்டத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை இவ்விடத்தை விட்டு எழமாட்டேன். இது என் சபதம்!"

இருபது ஆண்டுகளாக நாட்டின் சட்டம் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாக ஓதிவந்த அஸ்முந்த், மகளின் எதிரே மண்டியிட்டார். உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை.