தைக்காத இடம்

தையல் கோடுகள் எல்லாம் நேராகத்தான் விழுந்திருந்தன. நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மெசின் தைக்காமல் விலகிப் போயிருந்தது. எதையோ தொடக்கூடாது என்று சுற்றி வளைந்து, மறுபக்கம் போய்த் தன் கோட்டை மறுபடி பிடித்திருந்தது. றஷீதா தடவிப் பார்த்தாள். முடிச்சும் இல்லை, கறையும் இல்லை.

"இதென்ன தம்பி?"

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து காலையிலேயே வந்து மோட்டரும் பெல்ற்றும் பூட்டிக்கொண்டிருந்த கீர்த்திகன், கைப்பிடிக்கு மேலே பொருத்திய திரையைக் குனிந்து பார்த்தான். "தைக்காத இடம் எண்டு குறிச்சுக் கிடக்குது அக்கா. பூ ஒட்டின போர்வையெண்டால் பூவுக்கு மேலை தையல் விழாமல் இப்பிடிக் குறிச்சு விடுறது. ஆனால் நான் குறிக்கேல்லை." விரலால் தட்டி அழித்தான். "புதுசுதானே, கொஞ்சம் சண்டித்தனம் செய்யும். போகப் போகப் பழகிடும்."

பழகட்டும் என்று விட்டுவிட்டாள். மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு வேண்டுமே.

சோனகதெருவில், அகதியாய் இருந்த புத்தளத்தில் இருந்து திரும்பி வந்தபின் திருத்திக் கட்டிய வீடு அது. கூடம் முழுவதையும் அந்தப் பெரிய தையல் மெசின்தான் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு உருளைகளுக்கு நடுவே கட்டில் நீளத்துக்குத் துணி விரிந்து கிடக்கும். அதற்கு மேலே நீண்ட கையோடு ஊசித்தலை தண்டவாளத்தில் ஓடும். இதுவரை அதைக் கையால் தள்ளித் தள்ளித்தான் பஞ்சுப் போர்வைகள் தைத்தார்கள், றஷீதாவும் அவள் கணவன் இஸ்ஸத்தின் அக்கா பஸ்லியாவும். ஒருத்தி தள்ளினால் மற்றவள் நூல் பார்ப்பாள். போன மாதம் பஸ்லியா மதினி காய்ச்சலில் மௌத்தாகிப் போனாள். இரண்டு பேருடைய வேலையும் றஷீதாவின் வலது தோளில் ஏறிக் குந்திக்கொண்டது. தலை வாரக் கையைத் தூக்கினாலே உயிர் போகும். ஓடர் கொடுத்த கொழும்புக்காரர் போர்வை எங்கே என்று கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். பயம் அதில்தான் கூடியது. அதனால் வந்ததுதான் இந்தக் கொம்பியூட்டர் யோசனை. திரையில் ஒரு தட்டுத் தட்டினால் மெசின் தானே ஓடித் தைக்கும், நீ போய்ப் படுக்கலாம் என்றான் இஸ்ஸத். படுக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் தலையாட்டினாள்.

மெசினுக்குக் கீழே பாயில் மகள் ஆஸிகா நித்திரையாக இருந்தாள். ஐந்து வயது. தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை. மாமி பஸ்லியா போனதில் இருந்து வேறு எங்கே கிடத்தினாலும் கண் மூடாது. முந்தி மத்தியானங்களில் பஸ்லியா அதே பாயில் வலப்பக்கம் சரிந்து படுத்து, மடக்கிய கைக்குள் பிள்ளையை வைத்துக்கொள்வாள். இப்போதும் பிள்ளை ஓரத்தில்தான் படுத்தது, மாமிக்கு இடம் விட்டு. நடுவுக்கு இழுத்துப் போட்டாலும் கண்ணைத் திறக்காமலே ஊர்ந்து ஓரத்துக்குப் போய்விடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் றஷீதாவுக்கு இந்தப் பிள்ளையும் கையை விட்டுப் போய்விட்டால் என்ற நினைப்பு வரும், உடனே வேறு வேலை பார்ப்பாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று கீர்த்திகன் சாமான்களைக் கட்டினான். அப்போதுதான் அவளுக்கு அந்த மணம் வந்தது. மெசின் எண்ணெய்க்கும் புதுப் பெல்ற்றின் றப்பர் மணத்துக்கும் அடியில், மெல்லிசாக, கற்பூரம்.

"தம்பி, இந்த வெள்ளைத் துணியை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"கீழ்த் தட்டிலை கிடந்தது அக்கா. சும்மா கிடக்கிற துணிதானே எண்டு, ஓட்டிப் பாக்க எடுத்தன். பிழையே?"

"இல்லைத் தம்பி. நீங்கள் போட்டு வாங்கோ, மழை வருது."

மதினி மௌத்தான அன்று இஸ்ஸத் ஒரு பக்கம் ஓட, மதினியின் கணவன் றியாஸ் ஒரு பக்கம் ஓட, இரண்டு பேருமே உடலைச் சுற்றும் கபன் துணி வாங்கி வந்துவிட்டார்கள். ஒரு பங்கு மிஞ்சியது. "இதை வீட்டிலை வைக்காதை மகள். நாளைக்கே பள்ளிவாசலுக்குக் குடுத்திடு, இன்னொரு மௌத்துக்கு உதவும்" என்றாள் குளிப்பாட்ட வந்தவள். கற்பூரத் தண்ணீரில் நனைந்த கையாலேயே மடித்துக் கொடுத்தாள். ஓம் என்று வாங்கிய றஷீதா நாளைக்கு, நாளைக்கு என்று வைத்துவிட்டாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. தையல் ஒன்றும் போடாமல் சுற்றி அனுப்ப வேண்டிய துணி. அதிலே பஞ்சை வைத்து ஊசி ஏற்றியாயிற்று.

இப்போதே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எழுந்தாள். தோள் விடவில்லை. மெசினை நிறுத்திவிட்டு, மழை விடட்டும் என்று கதிரையில் சாய்ந்தாள். ஓட்டில் மழை விழும் இரைச்சலும், பீலி வழியாகத் தண்ணீர் வாளிக்குள் கொட்டும் சத்தமும், ஈரச் சுவரின் சுண்ணாம்பு மணமும், பிள்ளையின் மூச்சும், அதற்குள் இருந்தும் இல்லாமலும் வந்த அந்தக் கற்பூரமும் ஒன்றாய்ச் சேர்ந்து கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தன.

விழித்தபோது மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

கூடம் இருண்டிருந்தது. திரையின் நீல வெளிச்சத்தில் ஊசித்தலை அவசரமில்லாமல் போய் வந்தது. துணி நிறையக் கோடுகள். நடுவில் மட்டும் வெறுமை, இப்போது ஒரு சாண் இல்லை, ஓர் ஆள் நீளம். தலை. தோளின் மேடு. இடுப்பின் பள்ளம். லேசாக மடங்கிய முழங்கால். வலப்பக்கம் சரிந்து, கபுறுக் குழியில் கிடத்துவதுபோல.

அந்த உருவத்தை அவளுக்குத் தெரியும். எத்தனை மத்தியானம் பார்த்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். ஊசி பாதியில் நின்றது. இஸ்ஸத்துக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, மெசின் தன்ரை பாட்டிலை ஓடுது. மதினியின்ரை மிச்சக் கபன் துணியிலை..."

"நான் பருத்தித்துறையிலை நிக்கிறன். இஞ்சையும் கொட்டுது. நீ பிளக்கைக் கழட்டிப்போட்டுப் படு. நித்திரையில்லாத கண்ணுக்கு எல்லாம் தெரியும். நான் வாறன்."

அவன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அவளே அப்படித்தான் நினைக்க விரும்பினாள். போனின் வெளிச்சத்தைத் துணிக்கு நேராகப் பிடித்தாள்.

உருவத்தின் கை மடங்கியிருந்தது. மடங்கிய கைக்குள் இன்னொரு வெறுமை தொடங்கியிருந்தது. சின்னத் தலை ஒன்று. கழுத்து. அதோடு நூல் நின்றிருந்தது.

பாயில் கிடந்த பிள்ளையை வாரித் தூக்கினாள். தோள் பிய்ந்தது. பிய்யட்டும். உள்ளறைக் கட்டிலில் கிடத்தி, யன்னலைப் பூட்டி, கதவைச் சாத்திக் கொளுக்கி போட்டு, வெளியே அந்தக் கதவிலேயே முதுகை வைத்துக் குந்தினாள். தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினாள். மதினியோடு கதைத்தாள். "என்ரை பிழைதான் மதினி. விடியக் கொண்டுபோய்க் குடுக்கிறன். அவளை மட்டும் விட்டுடுங்கோ." கண்ணை மூடமாட்டேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்தாள். ஒரு மாத அலுப்பு. மழை. ஒரே ஒரு தரம் இமை விழுந்தது.

சத்தம்.

முதுகுக்குப் பின்னால் கதவு அப்படியே இருந்தது. கொளுக்கி அப்படியே. அவளும் அப்படியே.

சத்தம் கூடத்தில்.

தரையில் பிளக் கிடந்தது. திரை இருண்டு கிடந்தது. ஊசி மட்டும் ஓடியது.

விரிந்த வெள்ளைத் துணியில் ஆஸிகா படுத்திருந்தாள். இன்று ஓரத்தில் இல்லை. இடம் விடவில்லை. முதுகைப் பெரிய உருவத்தோடு ஒட்டி, காலை மடக்கி, அந்தச் சின்ன வெறுமைக்குள் அளவெடுத்ததுபோல அடங்கிக் கிடந்தாள். அவளுக்குப் பின்னால் துணி இன்னும் ஆழமாகத் தாழ்ந்திருந்தது. அங்கே யாரும் இல்லை. பிள்ளையின் விரல்கள் எதையோ பிடித்திருந்தன.

றஷீதா உருளை வரைக்கும் போனாள். "மகள்" என்றாள்.

ஆஸிகா கண்ணைத் திறக்காமல் முனகினாள். "சத்தம் போடாதைங்கோ உம்மா. மாமி இப்பத்தான் கண்ணயர்ந்தவ."

ஊசி பிள்ளையின் காலடியைச் சுற்றி வந்தது, ஒரு நூலும் அவள்மேல் படாமல். கோடு மூடுவதற்கு ஒரு விரலளவு இடம்தான் மிச்சம். தாழ்ந்த துணி இரண்டு இடத்தில் மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கோடு மூடியபிறகு ஓரிடத்தில்தான் ஏறி இறங்கியது, பெரிய பள்ளத்தில்.