நாலாவது வட்டம்

கடைசி வட்டத்தையும் காணோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியின் பின்பக்க லேபில் ஆள் அரவமே இல்லை; கிருமி வளர்க்கும் இன்குபேட்டரின் உறுமலும், கிருமிநாசினி நெடியும், மூடினாலும் நிற்காமல் சொட்டுகிற குழாயும்தான் அவளுக்குத் துணை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தட்டை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிறுநீரில் வளர்ந்த கிருமியைத் தட்டில் பரப்பி, அதன்மேல் நாலு மருந்து வில்லைகளை வைப்பது அவள் வேலை. எந்த மருந்து கேட்கிறதோ, அந்த வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வட்டம் விழும். இந்தத் தட்டில் வட்டமே இல்லை. நாலு வில்லைகளும் வழவழப்பான சாம்பல் படலத்துக்குள் முழுகிக் கிடந்தன.

தட்டின் மேல் பெயர் எதுவும் இல்லை, ‘சோதனை’ என்று மட்டும் எழுதியிருந்தது. எழுதியவளும் அவள், சிறுநீரும் அவளுடையது.

இன்னும் எட்டு நாளில் அவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்துத் தம்பிக்கு வைக்கப்போகிறார்கள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவளுக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான். போன மாதம் தன் சாம்பிளில் கிருமியைப் பார்த்தபோது அவளுக்கு எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். டாக்டரிடம் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார் என்று பயந்தாள். ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதுகிறவளுக்குத் தனக்கு மருந்து பார்க்கத் தெரியாதா என்ன! பெரிய வட்டம் விழுந்த மருந்தை வாங்கி மூன்று நாள் விழுங்கினாள். அடுத்த தட்டில் அந்த வட்டம் மூடியிருந்தது. மிச்சத்தில் பெரியதைப் பிடித்தாள். அதுவும் மூடியது. அப்படியே மூன்றாவதும், இன்றைக்கு நாலாவதும்.

போன் அதிர்ந்தது. திரையில் ‘வாலு’. மாடி வார்டிலிருந்து தம்பி.

“அக்கா, சாப்பிட்டியா?”

“ஆச்சுடா.” ஆகவில்லை.

“என் சாம்பிள் என்னாச்சு?”

“காலையில பாத்தேன். கிருமி இருக்கு. ஆனா நாலு மருந்தும் நல்லா கேக்குது. பயப்படாதே.”

“எனக்கென்ன பயம்? உன் கிட்னிதான் பயப்படணும், எங்கிட்ட வந்து மாட்டிக்கப்போவுது.” சிரித்தான். “நீ நல்லாத்தானே இருக்கே?”

“எனக்கு ஒண்ணும் இல்லடா.”

அது நிஜம். ஒன்றும் இல்லாததற்குத்தான் இத்தனை மருந்தையும் விழுங்கியிருந்தாள்; அதுதான் அவளைக் கொன்றது.

நாளைக்கு டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். திட்டட்டும். தம்பியின் ரிப்போர்ட்டையாவது ஒழுங்காக முடிக்கலாம் என்று ஸ்கேலை எடுத்துக்கொண்டு இன்குபேட்டரைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. அதில் புளிப்பும் இனிப்புமாக, அவள் தட்டில் வந்த அதே வாடை.

தம்பியின் தட்டை மேஜையில் வைத்தாள். காலையில் நாலு வட்டங்கள் இருந்தன, கோட்டுப் பித்தான் அளவுக்கு. இப்போது மூன்று.

நம்பரைச் சரிபார்த்தாள். அவனுடையதுதான்.

ஸ்கேலை வைத்தாள். இருபது மில்லிமீட்டர். குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

இரண்டு.

ஒரு வட்டம் மூடக் கிருமி ஒருநாள் முழுக்க வளரவேண்டும். இப்படி வளராது. வளரவே முடியாது.

“யாராவது இருக்கீங்களா?” என்றாள். குழாய் சொட்டியது.

குனிந்து உற்றுப் பார்த்தாள். பார்க்கும்போது எதுவும் அசையவில்லை. ஒருதரம் இமைத்தாள்.

ஒன்று.

இனி இமைக்கக் கூடாது. அவ்வளவுதான். கண்ணை அகல விரித்துக்கொண்டு அந்த ஒரு வட்டத்தையே பார்த்தாள். கண் எரிந்தது. நீர் கோத்தது. வட்டம் கலங்கியது. அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே மருந்து. இமைக்காதே. இமைக்காதே.

இமை தானாக விழுந்தது.

தட்டு முழுக்க ஒரே சாம்பல். அளக்க எதுவுமில்லாமல் ஸ்கேல் அதன்மேல் கிடந்தது.

மேஜையில் போன் அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டை நோக்கி நகர்ந்து வந்தது. திரையில் ‘வாலு’.