பின்சீட்டில் புல் வாசனை

மழை என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே அந்த விமானத்திடல் மறந்து போயிருந்தது. ஓடுபாதையின் இருபுறமும் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பேறி, காலை வைத்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி நொறுங்கியது. அப்படியிருக்க, பல் டாக்டர் தன் குட்டி விமானத்தின் கதவைத் திறந்ததும் இப்போதுதான் வெட்டிப் போட்டது போன்ற பச்சைப் புல்லின் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. ஈரமான, கொஞ்சம் இனிப்பான வாசனை. அந்த இனிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது அவருக்குத் தினமும் பழகிய வாசனைதான். பல்லைப் பிடுங்கியவுடன் வாயிலிருந்து வருமே, அது.

"சீட்டு உறையைத் துவைக்கணும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். பயம் வந்தால் அவர் சத்தமாகத்தான் பேசுவார்.

நான்கு பேர் உட்காரக்கூடிய பழைய விமானம் அது. ஒரு நகைக்கடைக்காரரிடமிருந்து வாங்கியது. அது கிளம்பும்போது போடும் இரைச்சலில் சுற்றுவட்டாரத்துப் பெரியவர்களின் பல்செட்டெல்லாம் கழன்று விழும், மறுநாள் அத்தனை பேரும் டாக்டரிடமே வந்து நிற்பார்கள் என்று ஊரில் பேச்சு. டாக்டரின் மச்சான் அதற்கு வைத்த பெயர் 'பறக்கிற மிக்ஸி'. டாக்டரின் மனைவி கணக்கு டீச்சர். கூட ஏறி வாயேன் என்று கெஞ்சியதற்கு அவர் சொன்ன பதிலை டாக்டர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்: "அந்த டப்பாவுல நான் ஏறணும்னா பொணமாத்தான் ஏறுவேன்." ஏற மாட்டார், ஆனால் விமானம் கிளம்பும் போதெல்லாம் ஓடுபாதை முடிந்து வேலிக்கு அப்பால் இருக்கும் திறந்தவெளியில் மஞ்சள் குடையோடு போய் நிற்பார், தலைக்கு மேலே பறக்கும்போது படம் எடுப்பதற்கு. "நீங்க விழுந்தா முதல்ல பாக்குறது நானா இருக்கணும்" என்பார். இன்றைக்கு எடுக்கப் போகும் படம் மச்சானுக்கு அனுப்புவதற்காக. நேற்று மச்சான் போனில் "மிக்ஸிக்கு உறை தைச்சுப் போட்டுட்டீங்களா மாப்ள?" என்று கேட்டிருந்தார்.

டாக்டர் இறக்கைக்கு அடியில் குனிந்து, தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தார். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லை. நீல நிறத்தில் தெளிவாக இருந்தது பெட்ரோல். அதன் நடுவே ஒரே ஒரு புல், பச்சைப் பசேலென்று, நுனியில் கத்தி பட்டுச் சாய்வாக அறுந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்தார். மறுபடியும் பிடித்தார். இப்போது சுத்தமாக இருந்தது. காற்றில் பறந்து வந்து விழுந்திருக்கும். காற்றா? கொட்டகை வாசலில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை தூக்குப் போட்டுக்கொண்ட ஆள் மாதிரி அசையாமல் தொங்கியது.

"டாக்டர் சார், இது உங்க டிபார்ட்மெண்ட்டு" என்றபடி மெக்கானிக் வந்து கையை விரித்தார். கிரீஸ் படிந்த உள்ளங்கையில் ஒரு பல். "ஏர் ஃபில்டருக்குள்ள இருந்துச்சு."

கீழ்த்தாடை, இடது பக்கம், கடைவாய்ப் பல். டாக்டரின் கண் அனிச்சையாகப் படித்துவிட்டது. வேரில் ஈறு துணுக்கு ஒட்டியிருந்தது. ஈரமாக. ரோஜா நிறத்தில்.

"எவ்வளவு நாளா உள்ள கிடக்குது?"

"அதான் சார் எனக்கும் புரியல. ஃபில்டரை நேத்துதான் புதுசா மாத்தினேன்." மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளோடதாத்தான் இருக்கும்."

"எந்த ஆளு?"

"போன வருசம் நகைக்கடைக்காரர் கிளம்பினதும் எஞ்சின் நின்னு போச்சு. அவ்வளவு தாழ்வுல திரும்ப முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். திரும்பினவன் கல்லு மாதிரி விழுவான். நேரா எது இருக்கோ அதுல இறக்கணும். அவரும் அப்படித்தான் இறக்கினாரு. நேரா இருந்த திறந்தவெளியில ஒருத்தர் மெஷின் வெச்சுப் புல்லு வெட்டிக்கிட்டிருந்தாரு. காதுல சத்தம் கேக்காத மாதிரி பெரிய மூடி. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. நின்னு போன எஞ்சின்ல என்ன சத்தம் வரும்? ஆனா காத்துல புரொப்பெல்லர் மட்டும் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"கூடையில அள்ளினோம் சார். முழுசாக் கிடைக்கல." பல்லை டாக்டரின் கையில் வைத்தார். "நகைக்கடைக்காரருக்கு ஒரு கீறல் இல்ல. புத்தகத்துல போட்ட மாதிரி இறக்கிட்டீங்கன்னு எல்லாரும் ஓடி வந்து கை கொடுத்தாங்க."

"வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லலியேய்யா!"

"நீங்க கலரைத்தானே சார் கேட்டீங்க."

"ஏன் வித்தாராம்?"

"ஹெட்போன்ல பின்னாலேர்ந்து யாரோ மூச்சு விடுறாங்கன்னாரு. நல்ல காது டாக்டராப் பாருங்கன்னோம்."

டாக்டர் பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது நடந்தது எங்கே என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஓடுபாதை முடியும் இடத்துக்கு நேரே, வேலிக்கு அப்பால், திறந்தவெளியின் நட்டநடுவில் ஒரு மஞ்சள் குடை நின்றுகொண்டிருந்தது.

போன் போட்டார். "டீச்சர், அங்க நிக்காத. ஓரத்துல மரம் இருக்கு பாரு, அது அடியில போய் நில்லு."

"அடேங்கப்பா, வெயில்ல கறுத்துப் போயிடுவேன்னு கவலையா? கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னிக்குத்தான் வந்துருக்கு."

"சொன்னா கேளேன்."

"சரிங்க, போறேன். மிக்ஸி கிளம்புமா, இல்ல நான் வீட்டுக்குப் போய் பரீட்சைப் பேப்பர் திருத்தட்டுமா?"

மஞ்சள் குடை அசைந்து அசைந்து ஓரத்து மரத்தடிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் மூச்சு வந்தது. இப்போது பறக்காமல் வீட்டுக்குப் போனால், பேரன் பேத்திகளுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் மச்சான் சொல்லிச் சிரிப்பார். டாக்டர் ஏறினார். கதவைச் சாத்தினார். புல் வாசனையும் உள்ளேயே இருந்தது.

எஞ்சின் அருமையாகப் பிடித்தது. மெக்கானிக் கட்டைவிரலை உயர்த்தினார். டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதன் மைக் எந்நேரமும் திறந்தே இருக்காது. யாராவது பேசினாலோ, கிட்டத்தில் மூச்சு விட்டாலோதான் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு திறக்கும்.

ஓடுபாதையின் தொடக்கத்தில் விமானத்தை நிறுத்தி, எப்போதும் போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்: "எஞ்சின் நின்னா திரும்பக் கூடாது. மூக்கை இறக்கு. நேரா போ."

டிக்.

அது அவருடைய மைக் அல்ல. அவர் வாயை மூடியிருந்தார். காதுக்குள் மெல்லிய இரைச்சல் திறந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒரு மூச்சு, நிதானமாக, உள்ளே போய், வெளியே வந்து. வெளியே வரும்போது மட்டும் ஒரு சீழ்க்கை. பல் போன இடைவெளி வழியாகக் காற்று போகும் சத்தம். அதை அவர் நாற்காலியில் சாய்ந்த எத்தனை ஆயிரம் வாய்களில் கேட்டிருப்பார்!

திரும்பிப் பார்த்தார். பின்சீட்டு காலி. அதற்கான ஹெட்போன் கொக்கியில் தொங்கியது. அதன் ஒயர் எதிலும் சொருகப்படாமல் தரையில் சுருண்டு கிடந்தது.

டிக்.

"...நேரா போ."

போதும். மச்சானாவது மண்ணாவது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி ஓடிவிடலாம் என்று வேகப்பிடியைப் பின்னால் இழுக்கக் கையை வைத்தார். அவர் கையின் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பாரம் தெரிந்தது, காய்ப்பு ஏறிய உள்ளங்கை தெரிந்தது, புல்சாற்றின் பிசுபிசுப்பு தெரிந்தது. அது அவர் கையோடு சேர்த்துப் பிடியை முன்னால் தள்ளியது. விரல் எலும்புகள் நெறிபட, கடைசி வரைக்கும் தள்ளியது. பெருவிரல் மளுக்கென்று முறிந்தது.

டாக்டர் அலறினார். எஞ்சினும் அலறியது. விமானம் ஓடியது. பிரேக்கை மிதித்தார், மிதி கல்லாக இருந்தது. ஓடுபாதை கீழே நழுவியது. சக்கரத்தின் தடதடப்பு நின்றது. வேலி கீழே போனது.

அப்போது காதுக்குள் போன் மணி அடித்துத் தானே இணைந்தது. ஹெட்போனோடு சேர்த்து வைத்திருந்த போன். டீச்சரின் குரல், உற்சாகமாக.

"என்னங்க, நல்ல இடமாக் கிடைச்சுடுச்சு! இங்க ஒருத்தர் புல்லு வெட்டிக்கிட்டிருக்காரு. காதுல பெருசா என்னமோ மாட்டியிருக்காரு, நான் கேக்கறது எதுவும் அவருக்கு விழல. கையைக் காட்டி நடுவுல வந்து நில்லுன்னு கூப்பிட்டாரு. இங்கேர்ந்து நல்லாத் தெரியுமாம்."

எஞ்சின் இருமியது.

இன்னொரு முறை இருமியது. காற்றுத் துவாரத்திலிருந்து பச்சையாக ஏதோ கற்றை கற்றையாகப் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது. வெட்டிய புல். பிடி பிடியாக. ஈரமாக. அப்புறம் எஞ்சின் நின்றது.

அப்படி ஒரு அமைதியை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. இறக்கையை உரசும் காற்று மட்டும். அந்தக் காற்றில் சும்மா சுற்றும் புரொப்பெல்லர் மட்டும்.

விமானத்தின் மூக்கு கீழே சாய்ந்தது. நேரே திறந்தவெளி. காய்ந்த, பழுப்பு நிறத் திறந்தவெளி. வெட்டுவதற்கு அதில் ஒரு புல் இல்லை. புல் வெட்டுகிறவரும் இல்லை. நடுவில் மஞ்சள் குடை மட்டும்.

"ஓடு! டீச்சர், ஓடு!"

"என்னங்க? கேக்கல! இவரு மெஷின் சத்தம் காதைப் பிளக்குது!"

போனில் அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது. தடதடவென்று, வெகு அருகில்.

"ஓடும்மா! ஓடு!"

"சத்தமாச் சொல்லுங்க!"

திருப்பு. விழுந்தால் விழட்டும். கல்லாக விழட்டும். செத்தால் தான் மட்டும் சாகலாம். விமானத்தைத் திருப்பும் இடது மிதியைப் பலங்கொண்ட மட்டும் மிதித்தார். மூக்கு கொஞ்சம் நகர்ந்தது. அவர் பக்கத்து மிதிகளோடு வலது சீட்டின் மிதிகளும் சேர்ந்தே அசையும். காலியாக இருந்த அந்தச் சீட்டின் வலது மிதி தானாகக் கீழே இறங்கியது. அதன் மேல் ஒரு பூட்ஸ் தடம், பச்சையாக, ஈரமாகப் பதிந்தது. அவர் கால் பின்னால் தள்ளப்பட்டது. மூக்கு நேரானது.

மறுபடி மிதித்தார். முழங்காலில் ஏதோ அறுந்தது. மறுபடி நேரானது.

டிக்.

"திரும்பக் கூடாது."

குடை பெரிதானது. டீச்சர் போனைக் காதில் வைத்தபடி யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை.

நிழல் அவர் மேல் விழுந்தது.

நிமிர்ந்தார்.

குடை கை நழுவியது. வாய் திறந்தது. மேல் வரிசையில் ஓரத்துப் பல். டாக்டரே நிறம் பார்த்துப் பார்த்துப் பொருத்திய பல்.

அவ்வளவு கிட்டத்தில்.

சத்தம் ஒன்றல்ல. பல. வேகவேகமாக. பலகை அறுக்கும் இடத்தில் மரத்தில் ஆணி அகப்பட்டது போல. கண்ணாடி சிவந்தது. மஞ்சளானது. மறுபடி சிவந்தது. உடைந்தது.

சக்கரம் தரையைத் தொட்டது. எவ்வளவு மெதுவாக! தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இடுவது மாதிரி. ஓடி, ஓடி, நின்றது.

டாக்டர் கண்ணைத் திறந்தார். தலையிலிருந்து மடி வரைக்கும் நனைந்திருந்தது. எதுவும் அவருடைய ரத்தமில்லை. மடியில் ஒரு பல் கிடந்தது. நிறம் பார்த்துப் பொருத்தியது.

பின்னாலிருந்து மெக்கானிக் ஓடி வரும் காலடிச் சத்தம். மூச்சு வாங்க, சந்தோஷமாக ஒரு குரல்: "டாக்டர் சார்! புத்தகத்துல போட்ட மாதிரி இறக்கிட்டீங்க சார்! புத்தகத்துல போட்ட..."

மெக்கானிக் விமானத்தின் முன்பக்கத்துக்கு வந்துவிட்டார். மண்டியிட்டு வாந்தி எடுக்கும் சத்தம் மட்டும்.

டிக்.

புல் வெட்டுகிறவரின் மூச்சு. நிதானமாக. சீழ்க்கையோடு.

டிக்.

இன்னொரு மூச்சு. வேகமாக, திணறலாக. அதிலும் ஒரு சீழ்க்கை. மேல் வரிசை, ஓரத்துப் பல்லின் சீழ்க்கை.

"என்னங்க..."

டாக்டர் போனைப் பார்த்தார். திரை நொறுங்கி, கறுத்து, அணைந்து போயிருந்தது.

எதிரே உயரம் காட்டும் கருவியின் வட்டக் கண்ணாடி மட்டும் உடையாமல் இருந்தது. அதில் பின்சீட்டு சின்னதாகத் தெரிந்தது. காதில் பெரிய மூடி மாட்டிய ஒருவர் பக்கத்துச் சீட்டின் பக்கமாகக் குனிந்து, அங்கே உட்கார்ந்திருந்ததன் மடிக்குக் குறுக்கே எதையோ பொறுமையாக இழுத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்ததற்கு முகம் பாதிதான் இருந்தது. அந்தப் பாதி, டாக்டரைப் பார்த்துக் கேட்டது.

"என்னங்க, இந்த பெல்ட்டை எப்படிப் போடுறது?"

பெல்ட் மாட்டிய சத்தம் கேட்டது. நின்று போயிருந்த எஞ்சின் தானாக உயிர் பெற்றது.