பேட்டரி கழற்றிய லாரி

பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பியபோது, லாரிக்குள் ஸ்டார்ட்டர் 'டக்' என்றது.

மெக்கானிக் மேசையைப் பார்த்தான். முனைகளில் உப்புப் பூத்த பேட்டரி அங்கேதான் இருந்தது. சூடு தணியும்போது இரும்பு முனகும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான். இரண்டு வருஷமாக ஓடாத வண்டிக்கு ஏது சூடு என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. தெருவில் அவனை டாக்டர் என்பார்கள். கைராசியைவிட வாய்ராசி அதிகம்.

காலையிலிருந்து எல்லாம் பார்த்தாயிற்று. டீசல் ஃபில்டர் புதிது. குழாயில் அடைத்திருந்த காற்றைப் பம்ப் அடித்து வெளியேற்றி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை காத்திருந்தான். எர்த் கேபிளைச் சுரண்டிப் பளபளவென்று மாட்டினான். சாவியைத் திருப்பினால் கல்லுளிமங்கன் மாதிரி மௌனம். சாவி சட்டைப் பைக்குள் போன பிறகு பேசுகிறது.

ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள். "ஆச்சாடா டாக்டரே? சாயங்காலம் வண்டியெடுக்கப் புது டிரைவர் வந்துருவார்."

"அத்தான் மாதிரியே பிடிவாதம்க்கா இதுக்கு."

"அந்த மனுஷன் பேச்சை எடுக்காத. ஹேண்ட்பிரேக் போடத் துப்பில்லாம செத்து, எங்களை நடுத்தெருவுல விட்டுட்டுப் போனவர்."

ஹேண்ட்பிரேக் கதையை ஊருக்குச் சொன்னவனே அவன்தான். அத்தான் செத்த அன்று கேபினில் ஏறிப் பார்க்கச் சோம்பல்பட்டு, கீழே நின்றபடியே ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்தான். வண்டி கியரில் இருந்தது; ஸ்டார்ட் ஆனதும் முன்னால் பாய்ந்தது. அதன் முன்னால் அத்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவர்.

ரேடியேட்டர் ஒன்றுதான் பாக்கி. காலையிலிருந்து தள்ளிப்போட்ட இடம். அதே சுவருக்கும் பம்பருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து குனிந்தான்.

முதலில் வாசனை வந்தது. துரு, பழைய டீசல், அவற்றுக்கு அடியில், அத்தான் எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் கிராம்பு. பிறகு வயசாளி தொண்டையைச் செருமுவதுபோல இஞ்சின் ஒருமுறை புரண்டு, இன்னொருமுறை புரண்டு, ஓடத் தொடங்கியது. தரை நடுங்கியது. பம்பர் அவன் தொடையைத் தொட்டது.

கேபினில் யாருமில்லை.

ஒரு விரற்கடை. நின்றது. இன்னொரு விரற்கடை. முதுகில் சுவர். எலும்பில் இரும்பு.

"அக்கா." பொய் ஒன்றும் கைகொடுக்கவில்லை. "அத்தான் மேல தப்பில்லக்கா. ஸ்க்ரூடிரைவர வெச்சு நான்தான் ஸ்டார்ட் பண்ணேன். கியர்ல இருந்துச்சு. பாக்கல."

வண்டி நின்றது. விலகவில்லை. நோயாளிக்கு இதுதான் மருந்தா என்று அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அக்கா எழுந்தாள். அவனைப் பார்க்கவில்லை. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா உங்களைத் திட்டிட்டேங்க," என்றாள் அந்தக் கண்ணாடியிடம். "இனி நீங்களே பாத்துக்கங்க."

ஸ்டூலை வெளியே எடுத்து வைத்தாள். ஷட்டரை இழுத்துவிட்டாள்.

"அக்கா."

இருட்டு. கிராம்பு வாசனை.

முகப்பு விளக்குகள் இரண்டும் மெல்ல எரிந்தன. கேபின் கண்ணாடியின் உட்புறத்தில் மூச்சுக்காற்று வெள்ளையாகப் படர்ந்தது. ஓர் உள்ளங்கை அதை நிதானமாகத் துடைத்து, அவன் முகம் தெரியும் அளவுக்கு வட்டமாக இடம் பண்ணிக்கொண்டது.