மூன்றாவது ஸலாம்

புதன்கிழமை காலை, குளியலறை ஆணியில் பர்ஸானின் நீலத் துவாய் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

றிபா அதைத் தொட்டாள், கையை எடுத்தாள், மறுபடியும் தொட்டாள். பதினான்கு மாதத்துக்கு முன் அவள் கணவன் ஐ.நா. அமைதிப் படையோடு ஆபிரிக்காவுக்குப் போன அன்று, அதையும் அவன் உடுக்கும் சாரத்தையும் துவைத்து மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டியவள் அவள்தான். வீட்டில் இருப்பது அவளும் நாலு வயது மகள் நுஸ்ஹாவும் மட்டும். அலுமாரித் திறப்பு, இருந்த ஒரே சாவி, அவளுடைய கைப்பையில் இருந்தது. துவாயை முகர்ந்து பார்த்தாள். சவர்க்காரம் மணக்கவில்லை, நாட்கணக்காகக் காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டது போல ஒரு மணம். ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை. சாய்ந்தமருதுக் கரையில் எங்கே தோண்டினாலும் வெள்ளை மணல்தான் வரும். சிவப்பு மண்ணுக்கு இந்த வீட்டில் என்ன வேலை?

துவாயைத் திரும்பத் துவைத்துக் காயப்போட்டாள். பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. பர்ஸான் ஊர் திரும்பும் திகதி மூன்று முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் வீடு முழுக்கத் திரைச்சீலைகளைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். திரைச்சீலையில் நிறம் போனதுதான் மிச்சம், ஆள் வந்து சேரவில்லை.

அவன் இருந்த ஊரின் பெயர் அவள் வாயில் நுழையாது. அங்கே சண்டை ஓய்ந்து வருஷமாகிவிட்டது. கம்பி வேலிக்கும் வெறும் சிவப்புப் புழுதிக்கும் காவல் நிற்பதுதான் அவன் வேலை. “சண்டை இருந்தாலாவது பொழுது போகும் புள்ள,” என்று குரல் பதிவு அனுப்புவான். “இஞ்ச ஒண்டுமில்ல. எனக்கு வூட்ட வரணும்.”

நித்திரை கொள்ள அவன் ஒரு வழி வைத்திருந்தான். படுத்துக் கண்ணை மூடியதும் மனதாலே கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி, வீட்டை நோக்கி நடப்பான். எதுவரை நடந்தான் என்று காலையில் சொல்வான். “இன்டைக்கி கல்முனைக்குடி தாண்டல்ல, அதுக்குள்ள நித்திர வந்துட்டு.” “இன்டைக்கி நம்மட தெரு முடக்கு வரைக்கும் வந்தன்.” வாசல் வரை வந்த நாட்களில் ஸலாம் சொல்லி நிற்பானாம். அவளுடைய பதிலுக்குக் காத்திருக்கையில் தூங்கிவிடுவானாம்.

அது அவன் குணம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெண்ணின் வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து சேர வேண்டும். மற்ற மாப்பிள்ளைமார் ஒரு வருஷத்தில் அதை மறந்து வீட்டுக்காரர் ஆகிவிடுவார்கள். பர்ஸான் மட்டும் கலியாணம் முடித்து ஏழு வருஷமாகியும் வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அவள் பதில் சொன்ன பிறகுதான் படியேறுவான். “இது உன்ட வூடு புள்ள. உத்தரவு இல்லாம நுழைஞ்சா களவு.” மூன்று தரம் ஸலாம் சொல்லியும் பதில் இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது மார்க்கம் சொன்ன ஒழுங்கு. அதைச் சொந்தப் பெண்சாதியிடமே கடைப்பிடித்த ஆள் ஊரில் அவன் ஒருவன்தான். ஒரு நாள் தண்ணீர் மோட்டர் இரைச்சலில் அவளுக்குக் கேட்காமல் போக, மூன்று ஸலாமோடு திரும்பிப் போய் இஷாத் தொழுகை வரை பள்ளிவாசலில் இருந்துவிட்டு வந்தான். பக்கத்து வீட்டு றம்லா ராத்தா இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். றிபாவுக்கோ அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

இந்தத் திங்கட்கிழமைப் பதிவுதான் வேறு மாதிரி இருந்தது.

“நேத்து உள்ளுக்கே வந்துட்டன் புள்ள. நீங்க ரெண்டு பேரும் படுத்திருந்தீங்க. மகள்ட வலது காலுல கொலுசு இல்ல, ஏன்?”

கொலுசின் கொக்கி உடைந்தது ஞாயிறு மாலை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“உள்ள வரக்குள்ள ஸலாம் சொன்னீங்களா?” என்று கேட்டு அனுப்பினாள்.

“மறந்து பெய்த்து. அவ்வளவு களைப்பு.”

செவ்வாய்க்கிழமை அவன் குரல் இன்னும் சோர்ந்திருந்தது. “இப்ப நடக்கவே வருதில்ல. கண்ண மூடினா ஒரே இருட்டு. வூட்டுக்குள்ள போனவன் வெளிய வரல்ல போல கிடக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள்தான் துவாய் நனைந்திருந்தது.

வியாழக்கிழமை றம்லா ராத்தா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். “என்ன புள்ள, மாப்பிள்ள வந்தத்த ஒரு வார்த்த சொல்லல்ல?”

“அவர் நாளைக்குத்தான் வாறார் ராத்தா. பிளேன் ஏறிட்டன் எண்டு இப்பதான் மெசேஜ் வந்த.”

“அப்ப பின்பக்கம் சாரத்தோட நிண்டது ஆரு? நான் ஸலாம் சொன்னன். பார்த்துக்கொண்டே நிண்டார், பதில் சொல்லல்ல. பர்ஸானா இப்படி எண்டு யோசிச்சன்.”

“ஆள் மாறிப் பார்த்திருப்பீங்க,” என்றாள் றிபா. உள்ளே போய் ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். எல்லாம் உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தன. அன்று முழுவதும் மகளை இடுப்பை விட்டு இறக்கவில்லை. ஒரு நாள்தான், ஒரே ஒரு நாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவன் வந்து வாசலில் ஸலாம் சொல்ல வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும், அவன் படியேற வேண்டும். அதோடு எல்லாம் சரியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாரி மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழையின் இரைச்சலுக்கு அடியில் கடல் உறுமிக்கொண்டிருந்தது, நிறம் போன திரைச்சீலைகள் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தன, ஆணத்துக்குத் தாளித்த கறிவேப்பிலை வாசம் வீடு முழுக்க நிறைந்திருக்கையில் கரண்ட் போனது. நுஸ்ஹா அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். றிபா மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி மண்டபத்து மேசையில் வைத்தாள். மஃரிப் பாங்கு மழையில் கரைந்து வந்தது. பாங்கு முடிந்ததும் கறிவேப்பிலை வாசம் இல்லை.

நனைந்த மண்ணின் மணம்.

வெளியே கேற் திறந்தது. பெரிய பை ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம். இருமல், அவளுக்குத் தெரிந்த இருமல்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

அவள் நெஞ்சு நிறைந்து போனது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

திரும்பி, திறந்திருந்த அறைக் கதவு வழியாகப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் பர்ஸான் உட்கார்ந்திருந்தான். இடுப்பில், அலுமாரியில் பூட்டி வைத்த சாரம். கணுக்கால் வரை சிவப்புப் புழுதி. பர்ஸானின் முகமேதான், பதினான்கு மாதக் களைப்பும் அதில் இருந்தது. நுஸ்ஹாவின் வலது கால் அதன் மடியில். கொலுசு இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தது.

றிபாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டியது.

“வஅ…” என்றாள். விரல்கள் காலைச் சுற்றி இறுகின. தூக்கத்தில் பிள்ளை முனகினாள். றிபா நிறுத்தினாள். விரல்கள் தளர்ந்தன.

“அஸ்ஸலாமு அலைக்கும்.” இரண்டாவது. குரலில் சிரிப்பு இருந்தது.

வாசல் கதவுக்கு நாலு எட்டு. ஒரு எட்டு வைத்தாள். பிடி இறுகியது. பிள்ளை முகம் சுளித்தாள். அவ்வளவு மெலிந்த கால். முருங்கைக் குச்சி மாதிரி. அவள் பின்வாங்கினாள்.

மழை. கடல். வெளியே அவன் காத்திருக்கிறான். அவளுக்குத் தெரியும், அவன் எண்ணுகிறான்.

அல்லாஹ்வே, இந்த ஒரு நாள் அவருக்கு ஒழுங்கு மறந்து போகட்டும். கதவை உதைக்கட்டும்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

மூன்றாவது. சிரிப்பு இல்லை. களைப்பு மட்டும்.

அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

பிறகு பையைத் தூக்கும் சத்தம். கேற்றை மெதுவாகச் சாத்தும் சத்தம். நனைந்த மணலில் சப்பாத்துக் கால்கள். தெரு முடக்கு வரை கேட்டது. பிறகு மழை மட்டும்.

அப்போதுதான் அது வாயைத் திறந்தது.

“வஅலைக்கும் ஸலாம்.”

பிள்ளையின் காலை விட்டது. அவளைச் சுவர்ப் பக்கமாகக் கவனமாக நகர்த்தியது. நீண்ட தூரம் நடந்து வந்தவன் விடும் பெருமூச்சு ஒன்றை விட்டுப் பக்கத்தில் சாய்ந்து படுத்தது. கட்டிலின் இந்த ஓரத்தில், பர்ஸான் எப்போதும் விடுகிற அளவு, றிபாவுக்கு இடம் விட்டிருந்தது. அவளுடைய தலையணையை இரண்டு தரம் தட்டிக் காட்டியது.