அளவுக்கு வைத்த கை

படத்தின் தேதி தப்பாக இருந்தது. கிருபாசங்கர் கடலில் காணாமல் போனது ஒன்பதாம் தேதி. லோகப்பிரியா திறந்த படத்தில் பத்து என்றிருந்தது.

ஞாயிறு மதியம். பீளமேட்டு அலுவலகத்தில் அவள் மட்டும்தான். பவளப்பாறைப் படங்களில் தெரியும் ராட்சத மட்டிச் சிப்பிகள் எந்த இனம் என்று குறிப்பது அவள் வேலை. லட்சத்தீவில் மூழ்கி அவற்றைப் படமெடுப்பது அவள் அண்ணன் கிருபாசங்கரின் வேலை. சிங்காநல்லூர் லேத் பட்டறையில் கிடந்தவனை இதில் சேர்த்துவிட்டவளே அவள்தான். இருவராகத்தான் இறங்க வேண்டும் என்பது விதி. கம்பெனி ஆள்கூலியை மிச்சம் பிடித்து அவனை ஒற்றையாக இறக்கியது. உடல் கிடைக்கவில்லை. இருபதாம் தேதி பாறையிடுக்கில் கேமரா மட்டும் கிடைத்தது. அதிலிருந்த படங்கள்தான் இப்போது அவள் முன்னால்.

மேலாளர் மோகன்குமாரை அழைத்தாள்.

"தண்ணி பூந்து தேதி மாறியிருக்குமுங்க. நீங்க மட்டியப் பாருங்க அம்மணி. முடியலீன்னா வேற ஆளுக்கு மாத்தட்டுங்களா?"

"வேண்டாங்க. ஆளத் தேடப் படகு இல்லீன்னீங்க. கேமராவுக்கு மட்டும் எப்படிக் கெடச்சுதுங்க?"

அவர் வைத்துவிட்டார். உடனே அம்மா அழைத்தாள்.

"பங்காளிக காரியம் பண்ணோணும்ங்கறாங்க கண்ணு. அவன் இல்லீன்னு நீ சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

"பாத்துட்டுச் சொல்றேம்மா."

ஏசியின் ஒரே சுருதியான இரைச்சலுக்கும், காலையில் துடைத்துவிட்டுப் போன பினாயில் நெடிக்கும், திரையிலிருந்து வழிந்து அவள் விரல்களையெல்லாம் நீலமாக்கிய வெளிச்சத்துக்கும் நடுவில் அவள் படத்தைப் பெரிதாக்கினாள். நீண்ட ஓடு, பாறைக்குள் பாதி புதைந்தது, விளிம்பை ஒட்டி நெருக்கமான செதில்கள். மாக்சிமா இனம். பக்கத்தில், அளவு தெரிவதற்காக அவன் எப்போதும் வைக்கும் இடது கை. லேத்தில் நசுங்கி வளைந்த சுட்டுவிரல்.

பத்தாம் தேதி உயிரோடு இருந்திருக்கிறான். ஒரு நிமிடம் அவளுக்கு மூச்சே இனித்தது.

அடுத்த படத்தின் தேதி பதினொன்று. அதே மட்டி, அதே கை. தோல் சுருங்கியிருந்தது. ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்த கை.

பதின்மூன்று. வெளுத்து உப்பியிருந்தது.

பதினைந்து. நகங்கள் இல்லை.

பதினேழு. மீன்கள் கொத்தியிருந்தன. அப்போதும் விரல்களைச் சேர்த்து, மட்டியை ஒட்டி, நேராக. அவள் சொல்லிக்கொடுத்தபடி.

வலது கையில் கேமரா இருக்கும். இன்னும் எடுக்கிறான். கூலிக்கு எடுக்கிறான்.

"போதும்ண்ணா," என்றாள். "ஊட்டுக்கு வாண்ணா."

போன் அதிர்ந்தது. அம்மா. எடுக்கவில்லை.

மேலே ஆள் வந்து நிழல் விழுந்தால் மட்டி மூடிக்கொள்ளும். அது தெரிந்து ஒதுங்கி எடுப்பான். இதுவரை எல்லாப் படத்திலும் மட்டி திறந்தே இருந்தது.

இருபது. கடைசிப் படம்.

மட்டி மூடியிருந்தது.

இடப்பக்கம், வளைந்த விரலோடு அவன் இடது கை.

வலப்பக்கம், அவன் வலது கை.

இரண்டின் மேலும் விழுந்திருந்தது, படம் எடுத்தவரின் நிழல்.