பாய்லர் தண்ணீர் எங்கே போனது?

குழாயைத் தட்டும் சத்தத்தில்தான் நிடியா அன்றும் கண் விழித்தாள்.

எல்லா மாடிகளிலும் தட்டினார்கள். சிலர் கரண்டியால், சிலர் செருப்பால், ஒருவர் சுத்தியலால். வீட்டில் சூடு வராவிட்டால் எங்கள் பிராங்க்ஸ் பகுதியில் யாரும் கீழே இறங்கி வந்து சொல்வதில்லை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குழாயைத் தட்டுவார்கள். சத்தம் குழாய் வழியாகவே இறங்கி, அடித்தளத்தில் இருக்கும் சூப்பரின் காதில் விழும்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளைத்தான் சூப்பர் என்போம். அப்படியொன்றும் சூப்பரான வேலை இல்லை. குப்பை அள்ள வேண்டும், பனியை வழிக்க வேண்டும், கட்டடம் முழுவதற்கும் சூடு தரும் பாய்லரை எரிய வைக்க வேண்டும். எங்கள் சூப்பர் நிடியாவின் அப்பா எஃப்ராயின். வேலை இருக்கும்வரை அடித்தளத்து இரண்டு அறைகள் அவர்களுக்கு. வேலை போனால் வீடும் போகும்.

"மறுபடியும் அணைஞ்சிடுச்சா அப்பா?"

"கேக்கலையா உனக்கு? மேல கச்சேரி நடக்குது" என்றார் அப்பா. ஆனால் சிரிக்கவில்லை.

நிடியா அவர் பின்னாலேயே பாய்லர் அறைக்குப் போனாள். பாய்லரின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டும். பாதிக்கு மேல் நிற்க வேண்டிய தண்ணீர், அடியில்கூட இல்லை. தண்ணீர் குறைந்தால் பாய்லர் தானாகவே அணைந்துவிடும். வெறும் பாய்லர் எரிந்தால் வெடித்துவிடும் அல்லவா, அதற்காக.

"நேத்துதான் நிரப்பினேன்" என்றார் அப்பா. "எங்க போகுது இது? யாராவது வந்து குடிக்கறாங்களா?"

பாய்லர் தண்ணீர் வீணாகிற தண்ணீர் இல்லை. கொதித்து ஆவியாகி மேலே ஏறும். ரேடியேட்டரில் சூட்டைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து தண்ணீராகும். பிறகு இறங்கி வரும். எங்கள் கட்டடத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே குழாய்தான். ஏறியது இறங்கியாக வேண்டும். அந்த வாரம் மட்டும் அது இறங்கவில்லை.

அப்பா குழாய்களின் ஒவ்வொரு மூட்டையும் தடவிப் பார்த்துவிட்டார். எங்கும் ஈரம் இல்லை. வீடு வீடாகப் போய், "ஏதாவது ஒழுகுதா?" என்று கேட்டார். "இல்லையே" என்றார்கள் எல்லோரும்.

வியாழக்கிழமை கட்டடத்தின் சொந்தக்காரர் கிரான்ட்லி வந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"என் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு எஃப்ராயின். எல்லாரும் குளிருது குளிருதுங்கறாங்க."

"சார், ஒரு பாய்லர் மெக்கானிக்கைக் கூப்பிட்டா..."

"அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன்? சனிக்கிழமை காலைல வருவேன். அப்பவும் இது அணைஞ்சிருந்தா, சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பிடு. வேற ஆள் பார்த்துட்டேன்."

அவர் போனதும் அம்மா லூஸ் பழைய செய்தித்தாளைக் கிழித்து, தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா இப்பவே?"

"பனியில நின்னுகிட்டுக் கட்டணுமா? இப்பவே கட்டிடலாம்."

"எங்க போவோம்?"

அம்மா இன்னொரு தாளைக் கிழித்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் மூன்றாம் மாடி தெல்வின் நிடியாவைப் பிடித்துக்கொண்டான்.

"ராத்திரி கோட்டு, தொப்பி, ஷூ எல்லாம் போட்டுத்தான் தூங்கினேன். எங்கப்பா உங்கப்பாவை என்ன சொன்னார் தெரியுமா?"

"தெரிய வேணாம்."

"ஸ்பானிஷ்ல சொன்னார்."

"எங்க வீட்லயும் ஸ்பானிஷ்தான் பேசறோம்."

"அப்ப நீயே யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவள் வீடு திரும்பும்போது குழாய்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. பாய்லர் மறுபடியும் அணைந்திருந்தது. அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஊற்றக்கூட எழுந்திருக்கவில்லை.

"அப்பா?"

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "என்ன பண்றதுன்னே தெரியல."

அப்பா இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் போய் நின்றாள். தலைக்கு மேல் டங் டங் என்று சத்தம். எந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். இது தெல்வின் வீடு. அது முதல் மாடி யோலாண்டா அக்கா, கைக்குழந்தைக்காரி. மூலையில் இருக்கும் குழாய் மட்டும் பேசாமல் இருந்தது. அது ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் முதியவர் அஹெர்ன் வீட்டுக்குப் போவது. யோசித்துப் பார்த்தால், இந்த வாரம் முழுக்க அவர் ஒருமுறைகூடத் தட்டவில்லை.

குளிரில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

நிடியா தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டாள். பிளாஸ்கில் பால் காபி ஊற்றிக்கொண்டாள். படியேறினாள்.

நல்லவேளை, கதவு திறந்தது. அஹெர்ன் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன குட்டி, போர்வையும் கையுமா? வீட்டை விட்டு ஓடி வந்துட்டியா?"

"உங்களுக்குத்தான். நீங்க ஏன் குழாயைத் தட்டலை?"

"கட்டடமே உங்கப்பா தலையில தட்டுது. நான் வேற எதுக்கு?"

உள்ளே போனாள். ரேடியேட்டர் ஓரத்தில் ஒரு சமையல் பாத்திரம் இருந்தது. அதில் பாதிக்குத் தண்ணீர்.

"இது எதுக்கு?"

"ரேடியேட்டர்ல காத்து போறதுக்கு ஒரு சின்ன மூக்கு இருக்கு பார். இந்த வாரம் அது தண்ணியாத் துப்புது. வயசானவன்னுகூடப் பார்க்காம மேலயே துப்புது."

நிடியா குனிந்து ரேடியேட்டரை விரலால் தட்டினாள். காலி ரேடியேட்டர் மணி மாதிரி ஒலிக்கும். இது நிறைந்த குடம் மாதிரி மந்தமாக ஒலித்தது. அடியில் இருந்த வால்வைத் தொட்டுப் பார்த்தாள். பாதி மூடியிருந்தது.

"இதை யார் மூடினது?"

"நான்தான்" என்றார் அவர் பெருமையாக. "யோலாண்டா குழந்தைக்குச் சூடு போதலைன்னு போன ஞாயித்துக்கிழமை அழுதா. இங்க மேல நாங்க சூடு தாங்காம ஜன்னலைத் திறந்து வச்சிருந்தோம். பாதி மூடினா மீதி கீழ போகுமில்ல? நான் மட்டுமில்லை, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் போய்ச் சொன்னேன். எல்லாரும் மூடிட்டாங்க."

வால்வை முழுதாகத் திற, இல்லாவிட்டால் முழுதாக மூடு, பாதி கூடாது என்று அப்பா யாரிடமோ சொல்லி நிடியா கேட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. இப்போது பள்ளிக்கூடக் கதவு நினைவுக்கு வந்தது. மணி அடித்ததும் எல்லோரும் உள்ளே தள்ளிக்கொண்டு வருவார்கள். கதவு பாதி திறந்திருந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வரவே முடியாது. ஆவி தள்ளிக்கொண்டு வந்தால், தண்ணீர் எப்படி இறங்கும்?

"மிஸ்டர் அஹெர்ன், எங்கப்பா தேடற தண்ணி இங்கதான் இருக்கு. உங்க ரேடியேட்டர்ல. எல்லார் ரேடியேட்டர்லயும்."

விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எல்லாரையும் குளிர்ல போட்டது நானா? அந்தக் குழந்தையையுமா?"

நிடியா காபியை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"எங்கப்பாவுக்கே தெரியல. உங்களுக்கு எப்படித் தெரியும்? குடிங்க, ஆறிடும்."

அவர் குடிக்கவில்லை.

"எனக்கு ஒரு உதவி வேணும்" என்றாள் நிடியா. "நான் போய்த் தட்டினா சூப்பர் பொண்ணுன்னு முகத்துலயே கதவைச் சாத்துவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. வர்றீங்களா?"

அஹெர்ன் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

முதலில் நிடியா கீழே ஓடி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பாதியா?" என்றார் அப்பா. "ஒழுகுதான்னு கேட்டேன். ஒழுகலைன்னாங்க. அது நெசம்தானே? வால்வைப் பத்தி நான் கேக்கவே இல்லையே."

"இப்பவே திறக்கலாமா?"

"இப்பதான் திறக்கணும். பாய்லர் எரியும்போது திறந்தா குழாய் உதைக்கும். போ, நான் இங்கயே நிக்கறேன்."

மேல் மாடிகளில் கதவு கதவாகப் போனார்கள். சிலர் உடனே திறந்தார்கள். "அன்னைக்கு மூடச் சொன்னீங்க, இப்பத் திறக்கச் சொல்றீங்க, காலைல என்ன, தலைகீழா நிக்கணுமா?" என்றார் ஒருவர். ஆனாலும் வால்வைத் திறந்தார். சுவருக்குள் கடகடவென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

கீழே கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறியது. பாதியைத் தாண்டி, உச்சிவரை ஏறியது. இப்போது அதிகமாகிவிட்டதால் அப்பா வாளி வாளியாக வடிக்க வேண்டியிருந்தது.

"வாரம் பூரா நான் ஊத்தின தண்ணி" என்றார். "ஒரு சொட்டுகூடத் தொலையலை."

அஹெர்ன் தன் படுக்கையறை ரேடியேட்டரை மட்டும் முழுதாக மூடினார். "இப்படி மூடினா யாருக்கும் கெடுதல் இல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இல்லவே இல்லை" என்றாள் நிடியா.

சனிக்கிழமை காலை கிரான்ட்லி வந்தபோது பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடிக் குழாயையே வெகு நேரம் பார்த்தார்.

"என்னதான் ஆச்சு?"

நிடியா அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா புரிந்துகொண்டார்; அஹெர்ன் பெயரை எடுக்கவில்லை.

"தண்ணி மேல மாட்டிக்கிச்சு சார். இறக்கிட்டோம்."

கிரான்ட்லி நன்றி சொல்லவில்லை. சாவியையும் கேட்கவில்லை. "குளிர்காலம் முடியறவரைக்கும் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"அப்புறம் தெரியல லூஸ்."

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். அம்மா சோறு எடுத்து வருவதற்குள் தூங்கிப் போனார். நிடியா அவர் கால்களிலிருந்து ஈர பூட்ஸை மெதுவாகக் கழற்றி ரேடியேட்டர்மேல் வைத்தாள். விரல் பட்டுவிட்டது. சுரீரென்று சுட்டது. அவள் அந்த விரலைப் பார்த்துச் சிரித்தாள்.